படம். விளக்கம் இல்லை

மருத்துவமனைப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். துணி தேய்க்கும் நீராவி ரோலரிலிருந்து சூடாக வெளியே வருவதை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, பின்னால் நகர்ந்து, உதறி, மடித்து, நடந்து நெருங்கி, ஒருத்தி கையிலிருப்பதை மற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும். மெஷின் இரைச்சலில் எட்ட நின்று பேசினால் காதில் விழாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் கையும் கையும் சந்திக்கிற அந்த இரண்டு மூச்சு நேரத்தில்தான். ஒரு சங்கதியை முழுதாகச் சொல்லி முடிக்க அறுபது விரிப்பாவது ஆகும்.

ஒன்பது வருஷமாக என் எதிர்முனையைப் பிடித்தவளின் வீட்டில் நடந்தது இது. பாதி அவள் சொன்னது. பாதி நான் பார்த்தது. கொஞ்சம் என்னால் கெட்டது.

சலவைக்கூடத்தில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. அவள் புருஷனுக்குத் தெருவில் 'வாத்தியார்'. நாற்பது வயதில் காலேஜில் சேர்ந்த ஆள் என்று கிண்டலுக்கு வைத்தது. பிறகு கிண்டல் உதிர்ந்து பேர் மட்டும் தங்கிவிட்டது. முன்பு அவர் கடைசல் பட்டறையில் பதினாலு வருஷம் இரும்பு கடைந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தது. "முதல்ல பக்கத்துல நிக்கிற ஆளக் காணோம். அப்புறம் கதவக் காணோம். ஒருநாள் என் கையவே காணோம்" என்பார், யாருக்கோ நடந்ததைப்போல. முப்பத்தாறாவது வயதில் ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டும் மிச்சம்.

மூன்று வருஷமாகத் தபால்வழியில் பட்டப்படிப்பு. கம்ப்யூட்டர் பாடத்தை வாசித்துக் காட்டும்; அவர் கேட்டுக்கொள்வார். அது ஓடுகிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. பருப்பு கொதிக்கிற சத்தம்தான் கேட்கும். அதில் அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்.

வாரத்தில் இரண்டு நாள் பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் சம்பளமில்லாமல் போய்வந்தார். கண் போன புதிதில் ஆட்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இவர் போய்ப் பக்கத்தில் உட்காருவார். டம்ளருக்குள் எந்த விரலை எவ்வளவு விட்டுக்கொண்டு டீ ஊற்ற வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார். அழுகிறவர்களை அழவிடுவார். அந்த வேலைக்கே ஒரு பதவி வந்தது. பட்டம் இருந்தால் அவருக்குத்தான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் தவணை. பாக்கி இருந்தது ஒரே பரீட்சை: புள்ளியியல்.

அதுவரை பரீட்சை என்றால் மண்டபத்துக்குப் போவார். இவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைக் கொடுப்பார்கள். அந்த வருஷம் எல்லாம் ஆன்லைன் ஆயிற்று. வீட்டிலிருந்தே எழுதலாம், உங்களுக்குத்தான் வசதி என்று கடிதம் வந்தது. கூடவே விதிகள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. முகம் கேமராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஹெட்போன் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது.

"ஹெட்போனும் கூடாது, குரலும் கூடாதுன்னா கம்ப்யூட்டர் எனக்கு எப்படிப் படிச்சுக் காட்டும்? சைகை காட்டுமா?" என்று அவர் போன் போட்டுக் கேட்டார். நாலு கடிதம் எழுதினார். கடைசியில் கம்ப்யூட்டரின் குரலுக்கு மட்டும் அனுமதி வந்தது. மற்றதெல்லாம் விதிப்படி.

பரீட்சையன்று அவள் விடுப்பு போட்டாள். காலையிலேயே புழுக்கம். முகம் கேமராவை விட்டு விலகாமலிருக்க நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினாள். ஃபேன் சத்தத்தை வேறு குரல் என்று எடுத்துக்கொள்ளுமோ என்று அதையும் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் போய் நின்றாள். இரண்டு முட்டை வேகப்போட்டாள். மீதியை அவள் என்னிடம் இப்படித்தான் சொன்னாள், மூலைக்கு மூலை.

"முப்பது கேள்வி வரைக்கும் ஓட்டமா ஓடுச்சுக்கா."

உதறினோம். மடித்தோம். நெருங்கினோம்.

"அப்புறம் அது, 'படம். விளக்கம் இல்லை'ன்னுச்சு. இவர் மறுபடி தட்டினார். 'படம். விளக்கம் இல்லை.' மறுபடி தட்டினார்."

அந்த ஒரு பட்டை வரைபடத்தை வைத்து எட்டுக் கேள்விகள். படத்தில் இருப்பதைச் சொல்லாமல் எட்டுக்கும் வாயைத் திறக்க முடியாது. உதவிக்கு என்று போட்டிருந்த எண் மணியடித்துக்கொண்டே இருந்தது. அவள் கதவுக்கு வெளியே நின்றாள். அடுப்பில் தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. உள்ளே அந்தக் குரல், அலுப்பில்லாமல், படம், விளக்கம் இல்லை. நாற்பது தடவைக்குமேல் எண்ணினாளாம்.

"பட்டறையில விரல் நசுங்கினப்பக்கூட அந்த மனுஷன் முனகல. அன்னிக்கு மூச்சு விடுற சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுது. என்னால நிக்க முடியலக்கா. உள்ள போயிட்டேன்."

"போய்?"

"படத்தச் சொன்னேன். அஞ்சு கட்டை நிக்குதுங்க, முதக் கட்டை நாப்பது, ரெண்டாவது இருபத்தஞ்சுன்னு. அதுக்கு என்ன பதில்னு எனக்கென்ன தெரியும்? நான் படிச்சது ஒம்பதாவது."

"அவர் என்ன சொன்னார்?"

விரிப்பை என் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒரு கணம் அங்கேயே நின்றாள். "வெளிய போன்னார். நான் போகத் திரும்பினேன். அப்புறம், 'அடுத்தது என்ன?'ன்னார்."

பத்து நாளில் முறைகேடு விசாரணைக்கு அழைப்பு வந்தது.

தனக்குப் பேச வராது என்று அவள் என்னையும் கூப்பிட்டாள். மழை. இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் பழுது. அவள் தோளில் கை வைத்து அவர் ஏறினார். மேலே போனதும், "அறுபத்தாறு படி. லிஃப்ட் வேலை செய்யலங்கறத மட்டும் கதவுல அழகா எழுதி ஒட்டியிருப்பாங்க, இல்ல?" என்றார். ஒட்டித்தான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நீள மேஜை. நடுவில் குழுத் தலைவி, நரைத்த முடி, சளி பிடித்த குரல். ஒரு பக்கம் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி. இன்னொரு பக்கம் குறிப்பெழுதும் குமாஸ்தா. முதலில் வீடியோவை ஓட்டினார்கள். திரையில் அவள் அடுப்படித் துணியோடு உள்ளே வந்து நிற்பதையும், குனிந்து ஒவ்வொரு கட்டையாக விரல் வைத்துச் சொல்வதையும் எல்லோரும் பார்த்தோம். அவர் காதால் கேட்டார். 'அடுத்தது என்ன?' என்ற அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

தலைவி மோசமான மனுஷி என்று நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் அதிகாரியிடம்தான் முதலில் திரும்பினார்.

"அந்தப் படத்துக்கு ஏன் விளக்கம் இல்ல?"

"கேள்வி தயார் பண்றவர் எழுதணும் மேடம். அதுக்குக் கட்டம் இருக்கு. அவர் காலியா விட்டுட்டார்."

"காலியா விட்டா உங்க கம்ப்யூட்டர் வாங்கிக்குமா?"

"வாங்கிக்கும் மேடம்."

தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வாத்தியார் பக்கம் சாய்ந்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற பக்குவத்தில் பேசினார்.

"இங்க பாருங்க. உங்க சம்சாரம் உங்களக் கேக்காம உள்ள வந்துட்டாங்க. நீங்க வெளிய போகச் சொன்னது தெளிவாக் கேக்குது. அந்த எட்டுக் கேள்வியத் தள்ளிட்டாலும் நீங்க பாஸ்தான். அந்த 'அடுத்தது என்ன'ங்கறது மட்டும்தான் இடிக்குது. அத நீங்க கம்ப்யூட்டரப் பாத்துச் சொன்னீங்களா? சில பேருக்குத் தனக்குத்தானே பேசற பழக்கம் இருக்கும். உங்களுக்கு இருக்கா?"

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தார். அவள் என் முழங்கையைப் பிடித்தாள், நகம் இறங்கியது. ஒரே ஒரு 'ஆமாம்'. அது போதும்.

"இல்லிங்கம்மா" என்றார் அவர். "எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. இவகிட்டதான் கேட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். அந்தப் படத்த யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லித்தான் ஆகணும். நீங்க சொல்லல. இவ சொன்னா. நான் கம்ப்யூட்டர்கிட்டப் பேசினேன்னு எழுதிட்டா, இவ கூப்பிடாத வீட்டுக்குள்ள திருட வந்தவ மாதிரி ஆயிடும்."

குமாஸ்தா எழுதினார்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றபோதுதான் அவள் வாய் திறந்தாள். "என் பேரு கெட்டுப்போகுதுன்னு நான் உங்ககிட்ட அழுதேனா? திருடின்னு எழுதட்டுமே. ஒரு சொல்லு. நாக்கு சுட்டா போயிடும்?"

அவர் நனைந்த சட்டையோடு பஸ் வரும் திசைக்குக் காதைக் கொடுத்து நின்றார்.

தீர்ப்பு போனில் வந்தது. அதுவும் ஒரு படம்தான். யாரோ கடிதத்தைச் சாய்வாக வைத்து எடுத்த போட்டோ. எழுத்தைப் படித்துச் சொல்கிற ஆப் ஒன்று அவரிடம் இருந்தது. அது அந்தக் கோணலில் குழம்பி, 'கடலை கம்பி முப்பது' என்று உளறியது. அவர் போனை அவளிடம் நீட்டினார்.

மறுநாள் ரோலரில் அவள் முதல் விரிப்பிலேயே மூலையைத் தவறவிட்டாள்.

"மூணு வருஷம் எழுதக் கூடாதுன்னு போட்டிருக்காங்கக்கா."

"அவர் என்ன சொன்னார்?"

அடுத்த விரிப்பு வந்தது. அதற்கடுத்ததும். ஐந்தாவதில்தான் சொன்னாள். "நான் ஒரு வருஷம்னு படிச்சிட்டேன். வாய்ல மூணு வரல. ஒண்ணுன்னதும் அவர் மூஞ்சியப் பாத்தேன். சரி, ஒண்ணுதானேன்னு ஒரு தெளிவு வந்துச்சு. அதுக்குமேல கீழ இருந்த எதையும் படிக்க தைரியம் இல்ல. அவ்வளவுதாங்கன்னு மூடிட்டேன்."

"எத்தன நாளைக்குடி மறைப்ப?"

"தெரியல. வேலையும் போயிடுச்சு, வருஷமும் போயிடுச்சுன்னு ஒரே நாள்ல சொல்லணுமா? ஒண்ணொண்ணா சொல்றேன்."

நான் என்ன சொல்ல? அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத்தான் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றரை வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மருத்துவமனை நிறுத்தத்தில் வாத்தியாரைப் பார்த்தேன். கையில் ஒரு பன் பொட்டலம். பட்டம் வராது என்றானதும் அந்தப் பதவிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். கண் தெரிகிற ஆள், நல்ல மாதிரி. பெஞ்சில் இருக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இவரிடம்தான் கேட்டாராம். இவர் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"போகட்டும், அடுத்த வருஷம் வேற ஒண்ணு வரும்" என்றேன். நான் அந்தப் பொய்யின் பக்கம் நின்று பேசுகிறேன் என்று எனக்கே உறைத்தது.

"அக்கா, மூணு வருஷம்" என்றார்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"மறுநாளே ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அந்தக் குமாஸ்தா சொல்லிட்டார். அவ ஒண்ணுன்னு படிச்சப்ப குரல் வழுக்கினது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா அந்தக் குரலக் கேக்கறேன்." பன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அவகிட்டச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே தன்னாலதான்னு செத்துக்கிட்டிருக்கா. நான் தெரியாத மாதிரியே பாடத்தப் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவ அடுப்படியில நிம்மதியா இருக்கா."

பிறகு கொஞ்சம் தயங்கி, போனை எடுத்தார். "லெட்டர் கடைசியில ஏதோ போட்டிருக்குன்னு குமாஸ்தா சொன்னார். படிச்சுக்குங்கன்னார். நான் அவகிட்ட எப்படிக் கேக்கறது?"

கொடுங்கள், நான் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? மூன்று சொல். ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் நாம் எதற்கு என்று ஒரு யோசனை. அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. நடத்துநர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அந்த யோசனையை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்து என்னையே திட்டியிருக்கிறேன்.

அதற்கப்புறம் எட்டு நாள் இரண்டு பக்க ரகசியத்தையும் சுமந்துகொண்டு விரிப்பு மடித்தேன். வெயில் திரும்பியிருந்தது. கூடத்துக்குள் நீராவியும் வியர்வையும் ஒன்றாகி, கறை போகாத விரிப்புகளின் மருந்து வாடை தொண்டையில் ஒட்டியது. ஒன்பதாம் நாள் அவள் சொன்னாள்:

"தினமும் பாடம் கேக்கறார்க்கா. வேகத்தக் கொறச்சு வச்சு, ஒரே எடத்தத் திருப்பித் திருப்பி. அடுத்த வருஷம் அந்தப் படக் கேள்விய விட்டுக்கூட எழுபது எடுப்பேங்கறார். எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. அந்த மனுஷன ஏமாத்திக்கிட்டிருக்கேன்."

கை கையைச் சந்தித்தது.

"அவருக்குத் தெரியும்டி."

அவள் விரிப்பை விடவில்லை. என் கையிலிருந்ததை வாங்கி, கடைசி மடிப்பையும் நேராக மடித்து, அடுக்கின்மேல் வைத்து, ஒருமுறை தட்டினாள்.

"எப்பலேருந்து?"

"மறுநாள்லேருந்தே."

கையைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ரோலர் பாட்டுக்கு விரிப்புகளைத் துப்பிக்கொண்டிருந்தது. நான் ஒருத்தி எதைப் பிடிப்பது? இரண்டு தரையில் விழுந்தன. சூப்பர்வைசர் மணியைப் பார்த்துவிட்டு, "என்ன, கடிகாரம் பதினொன்னேகாலுக்கே நின்னுபோச்சு?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. அவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஆபீசுல மட்டும் அரிச்சந்திரன். வீட்டுல வாயடைச்சுப் போச்சா?"

"எழுத்த மாத்திப் படிச்சது நானா நீயா?"

"படிச்சேன். உங்களுக்காகப் படிச்சேன்."

"நான் மட்டும் யாருக்காக வாய மூடிக்கிட்டிருந்தேன்? எதிர்வீட்டுக்காரனுக்காகவா?"

"முப்பது நாளுன்னு போட்டிருக்குங்க! முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு. இன்னிக்கு முப்பத்திநாலு. ரெண்டு பேரும் பேசாம பேசாம அதையும் தொலச்சோம்."

சேதி அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் வந்ததுமே இருவருமாக ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நாலு நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் வழி இருந்தது என்று அதே குமாஸ்தா சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் தாமதத்துக்குக் காரணம் காட்டி ஒரு மனு போடுங்கள், எடுப்பார்களா என்று சொல்ல முடியாது என்றாராம். ஒன்பது நாளுக்கு முன்னால் அந்தப் போன் என் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டிருந்தது. ரொட்டி கையில் கனத்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"மொதல்லேருந்து படி" என்றார் அவர். "ஒண்ணும் விடாத."

அவள் கோபம் தீராத குரலில் ஆரம்பித்தாள். "மேல எடது பக்கம் ஒரு சின்னம். வட்டம். உள்ள ஒரு புஸ்தகம் தொறந்திருக்கு, மேல ஒரு விளக்கு எரியுது. போட்டோ சாஞ்சிருக்கறதால வலது பக்கம் பாதி எழுத்து வெட்டுப்பட்டிருக்கு. கடித எண்..."

எண்ணைப் படித்தாள். தேதியைப் படித்தாள். விசாரணையில் அவர் சொன்னதைப் படித்தாள். தேர்வரின் மனைவி என்று தன்னைச் சொன்ன இடத்தைப் படித்தாள். பிறகு அந்த வரி வந்தது.

"மூன்று. மூணு வருஷம். எண்ணுலயும் போட்டிருக்கு, பக்கத்துல எழுத்துலயும் போட்டிருக்கு."

"ம். மேல படி."

"முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு ஒரு வரி. கீழ கையெழுத்து. பேரு தெரியல, கிறுக்கியிருக்கு."

"கிறுக்கியிருக்குன்னே சொல்லு. அதுவும் எனக்குத் தெரியணும்."

அந்த மனுவும் பிற்பாடு தள்ளுபடிதான் ஆயிற்று. அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவர் கம்ப்யூட்டரைத் திறக்கிற சத்தம் கேட்டது. சொல்லிக்கொண்டே தட்டுவார், அது அவர் வழக்கம்.

"மதிப்புக்குரிய அம்மா... நான்கு நாள் தாமதத்துக்கு..." தட்டுவது நின்றது. "காரணம்னு என்ன போடறது?"

நான் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

"உள்ளதப் போடுங்க" என்றாள்.

மறுபடி விசைகள் தட்டுப்படத் தொடங்கின. மெல்ல, விட்டு விட்டு.